இளவேனிலைக் குறுங்கவிதையில் வரவேற்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஐங்குறுநூற்றில் 'இளவேனிற்பத்து' என்று ஒரு பகுதி உண்டு. ஓதலாந்தையார் பாடியது. பத்துப் பாட்டும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: "அவரோ வாரார், தான் வந்தன்றே." அவர் வரவில்லை, இளவேனில் மட்டும் வந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு பாட்டும் ஒரே ஒரு சாட்சியைக் கொண்டுவருகிறது. ஒன்றில் பெண்குயில் இனிய குரலில் அகவுகிறது. இன்னொன்றில் குரவ மரம் பூத்திருக்கிறது. அந்தப் பூவை 'செய்யாப் பாவை' என்கிறார் புலவர், அதாவது யாரும் செய்யாத பொம்மை. அந்த இரண்டுமே மூன்றடிப் பாட்டுகள்.

பருவத்தை வரவேற்று எழுத உட்காரும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்த ஒரு தொடரைத்தான். இளவேனில் கவிதைக்கு இரண்டு பொருள் வேண்டும்: வந்தது ஒன்று, வராதது ஒன்று. வந்ததை மட்டும் எழுதினால் அது அறிவிப்பாகிவிடும். வராததை மட்டும் எழுதினால் புலம்பலாகிவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால் போதும். கீழே வரும் படிகள் எல்லாமே இதைச் செய்யப் பழகுவதற்குத்தான்.

முதல் படி: உங்கள் இளவேனில் எந்த நாளில் வருகிறது?

நாட்காட்டி ஆளுக்கொன்று சொல்லும். தமிழ் மரபில் சித்திரையும் வைகாசியும் இளவேனில், அதாவது ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை. ஜப்பானிய மரபில் பிப்ரவரி 4 வாக்கிலேயே வசந்தம் தொடங்கிவிடும், அப்போது வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தாலும்கூட. வானியல் கணக்குப்படி பூமியின் வடபாதியில் மார்ச் 20ஐ ஒட்டியும் தென்பாதியில் செப்டம்பர் 22, 23ஐ ஒட்டியும் வருகிறது. இரவும் பகலும் ஏறக்குறையச் சமமாகும் நாள் அது. யுனெஸ்கோ 1999ல் அறிவித்த உலகக் கவிதை நாளும் மார்ச் 21தான்.

இவற்றில் எது சரி என்று தேட வேண்டாம். நாட்காட்டியை நம்பி எழுதினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. ஜப்பானின் 'கொகின்ஷூ' என்ற அரசவைத் தொகுப்பு 905ஐ ஒட்டி உருவானது. அதன் முதல் இரண்டு பாகங்களும் வசந்தத்துக்கே ஒதுக்கப்பட்டவை. முதல் கவிதை இப்படிக் கேட்கிறது: ஆண்டு முடியும் முன்பே வசந்தம் வந்துவிட்டதே, இந்த ஆண்டைப் போன ஆண்டு என்பதா, இந்த ஆண்டு என்பதா? சுமார் ஆயிரம் ஆண்டு கழித்து மசாவோகா ஷிகி என்ற கவிஞர் இந்தக் கவிதையைக் கடுமையாகச் சாடினார். நான் ஷிகியின் பக்கம். அதில் நாள்கணக்கு இருக்கிறது, கண்ணால் கண்ட பொருள் ஒன்றுகூட இல்லை.

ஆகவே உங்கள் இளவேனில் தொடங்கும் நாளை நீங்களே கண்டுபிடியுங்கள். கம்பளி இல்லாமல் வெளியே போன முதல் காலையாக இருக்கலாம். விளக்குப் போடும் நேரம் தள்ளிப்போனதை உணர்ந்த மாலையாக இருக்கலாம். அந்த நாளைக் குறித்து வையுங்கள்.

இரண்டாம் படி: ஒரு வாரம் எழுதாமல் சேகரியுங்கள்

சின்ன நோட்டு ஒன்று போதும், கைப்பேசியானாலும் சரி. ஏழு நாளைக்குக் கவிதை எழுதக் கூடாது. நாளுக்கு மூன்று குறிப்பு மட்டும்: கண்டது ஒன்று, கேட்டதோ தொட்டதோ முகர்ந்ததோ ஒன்று, அப்புறம் இன்னும் வராதது ஒன்று. மூன்றாவதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். போன ஆண்டு இந்நேரம் வந்த பறவை, பதில் போடாத தோழி, இன்னும் துளிர்க்காத ஒரே ஒரு கிளை, எதுவானாலும் எழுதிவையுங்கள். பின்னால் கவிதை பெரும்பாலும் அந்தக் குறிப்பிலிருந்துதான் கிளம்பும்.

குறிப்பில் 'அழகு', 'இனிமை', 'மகிழ்ச்சி' போன்ற சொற்களுக்கு இடமில்லை. 'பூக்கள்' என்றும் எழுத வேண்டாம். எந்தப் பூ, எத்தனை, எங்கே என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அளவையும் எழுதுங்கள்.

இங்கே ஜப்பானியர்களின் 'கிகோ'வைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிகோ என்றால் பருவச்சொல். ஒரே சொல்லில் பருவத்தை உணர்த்திவிடுவது அதன் வேலை. இந்தச் சொற்களைப் பருவவாரியாகத் தொகுத்த அகராதிகளும் உண்டு, 'சைஜிகி' என்பார்கள். அதில் வசந்தத்தின் பக்கங்களைப் புரட்டினால் செர்ரிப் பூவும் வானம்பாடியும் மட்டுமல்ல, எதிர்பாராத பலதும் கிடைக்கும். ஊஞ்சல் வசந்தச் சொல். சோப்புக் குமிழி வசந்தச் சொல். பூனையின் காதலும் அப்படியே. வெறும் 'நிலா' என்றால் இலையுதிர் காலம், 'மங்கிய நிலா' என்றால் வசந்தம். வசந்தத்தில் மலை சிரிக்கிறது, குளிர்காலத்தில் அதே மலை உறங்குகிறது. எனக்கு மிகப் பிடித்தது 'நீண்ட பகல்'. பகல் மிகவும் நீளமாக இருப்பது கோடையில்தான். ஆனாலும் அது வசந்தச் சொல், ஏனென்றால் பகல் நீண்டுகொண்டே போவதை மனம் உணர்வது இப்போதுதான்.

நமக்கும் இப்படிச் சொற்கள் உண்டு. 'தென்றல்' என்று சொன்னாலே பருவம் வந்துவிடும். குயிலும் மாந்தளிரும் அதே வேலையைச் செய்கின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை. இவை பல்லாயிரம் பேர் கையாண்ட சொற்கள். உங்கள் ஏழு நாள் குறிப்பில் குயில் உண்மையாகவே கூவியிருந்தால் தாராளமாக எழுதுங்கள். கூவாத குயிலைக் கவிதைக்காக வரவழைக்காதீர்கள். உங்கள் தெருவில் பருவம் மாறியதை எந்தப் பொருள் காட்டியதோ அதுவே உங்கள் பருவச்சொல்.

மூன்றாம் படி: ஹைக்கூ

பாரதியார் 1916ல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியதிலிருந்து இந்த வடிவம் தமிழில் பேசப்பட்டு வருகிறது. இன்று பலரும் முதலில் கைவைப்பது இதில்தான். எளிதாகத் தோன்றுவதால் அவசரமாக எழுதப்படுவதும் இதுதான்.

முதலில் அளவு. ஜப்பானிய ஹைக்கூவுக்கு 5, 7, 5 என்று 17 ஒலியலகு. இந்த அலகு நம் அசையும் இல்லை, எழுத்தும் இல்லை. நம் மாத்திரைக் கணக்குக்குத்தான் அது சற்று நெருங்கி வருகிறது. அங்கே நெடில் இரண்டு அலகு பெறும். 'டோக்கியோ' என்பது அவர்கள் கணக்கில் நான்கு அலகு: டோ, ஓ, க்யோ, ஓ. ஆகவே தமிழில் 17 எழுத்தையோ 17 அசையையோ எண்ணி எழுதுவதால் அதே அளவு வந்துவிடாது. எண்ண வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று வரி, எட்டிலிருந்து பத்துச் சொல், அதற்குள் முடியட்டும்.

அளவைவிட முக்கியம் வெட்டு. ஜப்பானியத்தில் 'யா' போன்ற வெட்டுச்சொற்கள் கவிதையை இரண்டு துண்டாக்கும். ஒரு துண்டுக்கும் மறு துண்டுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தை வாசகர்தான் கடக்க வேண்டும். தமிழில் அந்த வேலையை ஒரு கோடோ வரிமுறிவோ செய்யும். 'அவரோ வாரார்' என்பதற்கும் 'தான் வந்தன்றே' என்பதற்கும் நடுவில் இருப்பதும் இதே வெட்டுதான் என்று நினைக்கிறேன்.

ஜப்பானியக் கவிஞர் பாஷோ (1644–1694) 1686ல் எழுதிய தவளைக் கவிதை உலகறிந்தது. பழைய குளம், ஒரு தவளை குதிக்கிறது, நீரின் ஓசை. பலர் இதைக் கோடைக்கோ மழைக்கோ உரியதாக நினைக்கிறார்கள். ஆனால் தவளை வசந்தத்தின் பருவச்சொல். அதற்கு முந்தைய ஜப்பானியக் கவிதையில் தவளை வந்தால் அதன் குரலைத்தான் பாடுவார்கள். வாசகர் குரலுக்காகக் காத்திருக்க, பாஷோ நீரின் ஓசையைக் கொடுத்தார். எதிர்பார்த்தது வரவில்லை, வேறொன்று வந்தது.

சரி, ஒரு கவிதையைத் திருத்திப் பார்ப்போம். முதல் முயற்சி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

வசந்தம் வந்தது
மலர்கள் சிரிக்கின்றன
மனம் மகிழ்கிறது

மூன்று வரியும் அறிவிப்பு. எதையும் பார்க்க முடியவில்லை. எழுதியவரிடம் "உண்மையில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், காய்ந்துபோனதென்று மூலையில் ஒதுக்கிய பூந்தொட்டியில் பச்சையாக ஏதோ தெரிந்தது என்பார். அதுதான் கவிதை:

செத்துவிட்டதென்று
ஒதுக்கிய தொட்டியில்
ஒரு பச்சை நுனி

இப்போது காட்சி இருக்கிறது. ஆனால் 'செத்துவிட்டது' என்று சொல்லி, உடனே 'இல்லை' என்று நிரூபிக்கிறது. வாசகருக்கு வேலை எதுவும் மிச்சமில்லை. வராதது எது என்று யோசித்தேன். அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் வரவில்லை. யாரும் ஊற்றவில்லை.

யாரும் நீர் ஊற்றாத
தொட்டி —
ஒரு பச்சை நுனி

இதில் குற்ற உணர்வும் வியப்பும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நீண்ட பகலைப் பற்றியும் ஒன்று:

விளக்கைப் போடப் போனவள்
திரும்பி வந்தாள் —
இன்னும் வெளிச்சம்

எழுதி முடித்ததும் மூன்று சோதனை செய்யுங்கள். கடைசி வரியை மறைத்துக்கொண்டு வாசியுங்கள், அதை முன்பே ஊகிக்க முடிந்தால் மாற்றுங்கள். 'போல' என்ற சொல் இருந்தால் நீக்கிப் பாருங்கள், பெரும்பாலும் கவிதை நிமிரும். பருவத்தின் பெயர் (வசந்தம், இளவேனில்) இருந்தால் எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் பருவம் தெரிந்தால் கவிதை நிற்கிறது என்று பொருள்.

நான்காம் படி: குறள் வெண்பா

வரவேற்புப் பாட்டு என்றால் ஓசையும் வேண்டும். ஹைக்கூவில் கிடைக்காத தாளத்தைக் குறள் வெண்பா தருகிறது. இலக்கணம் என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். ஒரு மாலை முழுதும் உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும், பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டு அடி, முதல் அடியில் நான்கு சீர், இரண்டாவதில் மூன்று. குறிலோ நெடிலோ தனியாகவோ ஒற்றோடோ வந்தால் நேரசை. இரண்டு குறில் இணைந்து வந்தாலும், குறிலும் நெடிலும் சேர்ந்து வந்தாலும், இவை ஒற்றோடு வந்தாலும் நிரையசை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்; மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. சீர்கள் மாவிலோ விளத்திலோ காயிலோ முடியலாம். கனி வரக் கூடாது. அடுத்தடுத்த சீர்களை இணைக்கும் விதி மூன்றே: மாவுக்குப் பின் நிரை, விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின் நேர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

நான் முதலில் எழுதிய அடி இது: "நேற்று வெறுங்கிளை இன்று தளிரென்று." தளை, அதாவது சீர்களின் இணைப்பு, தட்டவில்லை. தேமா, கருவிளம், தேமா, புளிமாங்காய். ஆனால் செய்தித்தாள் வரி மாதிரி இருந்தது. தளிரை எப்படிப் பார்த்தேன் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். காற்று கிளையை அசைத்தபோதுதான் கண்ணில் பட்டது. அப்புறம் இப்படி வந்தது:

நேற்றுவரை வெற்றுக் கிளையாய் இருந்தமரம்
காற்றசைக்கக் காட்டும் தளிர்

அலகிட்டுப் பார்ப்போம். நேற்-றுவ-ரை, கூவிளங்காய். காய்க்குப் பின் நேர் வேண்டும், 'வெற்-றுக்' வந்திருக்கிறது, தேமா. மாவுக்குப் பின் நிரை, 'கிளை-யாய்', புளிமா. மறுபடி நிரை, 'இருந்-தம-ரம்', கருவிளங்காய். அடுத்த அடி நேரில் தொடங்க வேண்டும், 'காற்-றசைக்-கக்', கூவிளங்காய். 'காட்-டும்' தேமா. கடைசியில் 'தளிர்', மலர் என்னும் வாய்பாடு. நேற்று, காற்று என எதுகையும், காற்றசைக்க, காட்டும் என மோனையும் தாமாகவே அமைந்தன. மோனையைத் தேடிப் போகாதீர்கள். பார்த்ததைச் சரியாகச் சொன்னால் அது தேடி வரும், வராவிட்டாலும் குறையில்லை.

தொடங்குபவர்களுக்கு ஒரு உத்தி. கடைசிச் சீரை முதலில் முடிவு செய்துவிடுங்கள். தளிர், குயில், வெயில், மழை, கிளை எல்லாமே மலர் வாய்பாட்டில் அடங்கும். போய்ச்சேரும் இடம் தெரிந்துவிட்டால் மீதி ஆறு சீரும் வழி தேடிக்கொள்ளும்.

ஐந்தாம் படி: மற்ற மூன்று வடிவங்கள்

தன்கா என்பது 5, 7, 5, 7, 7 என்று 31 அலகு. ஹைக்கூவைவிட மிகப் பழையது. முதல் மூன்று வரியில் காட்சி, கடைசி இரண்டில் மனம் திரும்பும். மனிதருக்காகக் காத்திருப்பதை எழுத இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியாது.

தளிர்விட்ட கிளையைப்
படமெடுத்து அனுப்பினேன்
பார்த்துவிட்டாள்
எழுதுகிறாள் என்று காட்டுகிறது
பிறகு காட்டவில்லை

சென்ரியு உருவத்தில் ஹைக்கூதான், பேசுவது மனிதரின் சுபாவத்தை. பருவச்சொல் கட்டாயமில்லை, ஆனால் பருவம் மாறும்போது மனிதர் செய்யும் சின்னச் சின்னச் செயல்கள் இதற்கு நல்ல தீனி.

முதல் வெயில்
கம்பளியை மடித்து வைக்கும் தாத்தா
மறுபடி பிரிக்கிறார்

சின்கேன் என்பது அமெரிக்கக் கவிஞர் அடிலெய்டு கிராப்சி (1878–1914) உருவாக்கிய ஐந்து வரி வடிவம். ஆங்கிலத்தில் 2, 4, 6, 8, 2 என்று அசை எண்ணுவார்கள். தமிழில் 1, 2, 3, 4, 1 என்று சொல்லை எண்ணினால் போதும். படிப்படியாக நீண்டு திடீரென்று சுருங்குவதால், காத்திருந்து சட்டென மலரும் பொருள்களுக்கு இது மிகவும் ஏற்றது. சிறுவர்களுக்கும் உடனே பிடித்துவிடும்.

மொட்டு
நேற்றும் மொட்டு
இன்று காலையிலும் மொட்டுதான்
கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வருவதற்குள்
பூ

ஆறாம் படி: கூடி வாசியுங்கள்

கொண்டாட்டம் என்றால் நாலு பேர் வேண்டும். ஆளாளுக்கு எழுந்து தன் கவிதையை வாசித்து, எல்லோரும் கைதட்டுவது வழக்கம். அதில் கவிதையைவிட ஆள்தான் கேட்கப்படுகிறார். ஜப்பானியரின் 'குகாய்' என்ற கவிதைக் கூட்டமுறை இதற்கு அருமையான மாற்று. நேரிலும் செய்யலாம், இணையத்திலும் செய்யலாம். ஆறிலிருந்து பத்துப் பேர் இருந்தால் போதும்.

ஒரு வாரம் முன்பே பொருளைச் சொல்லிவிடுங்கள். 'வசந்தம்' என்று பெரிதாகக் கொடுக்காமல் 'முதல் தளிர்', 'நீண்ட மாலை' என்று சிறிதாகக் கொடுங்கள். ஒவ்வொருவரும் மூன்று கவிதை, ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டுத்தாளில், பெயர் போடாமல். எல்லாத் தாளையும் கலந்து பங்கிட்டு, தன் கைக்கு வந்ததை ஒவ்வொருவரும் வேறு தாளில் படியெடுக்க வேண்டும். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாதே, அதற்காகத்தான் இந்த வேலை. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அடுத்தவர் கவிதையை எழுத்தெழுத்தாகப் படியெடுக்கும்போது அதை நீங்கள் மெதுவாக வாசிக்கிறீர்கள். இணையத்தில் என்றால் ஒருவர் எல்லாவற்றையும் வாங்கி எண் போட்டு அனுப்பிவிடலாம்.

படியெடுத்த தாள்களை எல்லோரும் சுற்றிப் படித்து, தமக்குப் பிடித்த ஐந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தன்னுடையதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேர்ந்தவை ஒவ்வொன்றாக வாசிக்கப்படும், ஏன் பிடித்தது என்பதைத் தேர்ந்தவர் சொல்வார். எழுதியவர் அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. பேச்சு முடிந்த பிறகுதான் தன் பெயரைச் சொல்ல வேண்டும். நான் உட்கார்ந்த ஒரு கூட்டத்தில் அதிகம் பேர் தேர்ந்தெடுத்த கவிதைக்கு உரியவர் பெயரைச் சொன்னபோது அறையே ஒரு நொடி அமைதியானது. அதுவரை அவர் கவிதை எழுதுவார் என்றே எங்களில் யாருக்கும் தெரியாது.

நேரம் இருந்தால் தொடர்கவிதையும் முயலலாம். ஒருவர் மூன்று வரி, அடுத்தவர் இரண்டு வரி, அதற்கடுத்தவர் மூன்று வரி என்று போகும். ஹைக்கூவே இப்படிப்பட்ட தொடரின் முதல் கண்ணியிலிருந்து பிரிந்து வந்த வடிவம்தான். முன்னால் உள்ள கண்ணியோடு தொடர்பு இருக்க வேண்டும், அதற்கும் முந்தையதைத் திரும்பத் தொடக் கூடாது. பழைய விதிப்படி வசந்தக் கண்ணி ஒன்று வந்துவிட்டால் குறைந்தது மூன்று, அதிகம் போனால் ஐந்து கண்ணி வரை வசந்தத்திலேயே இருக்க வேண்டும். கோடைக்கும் குளிருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை.

ஏழாம் படி: வழியனுப்பி வையுங்கள்

வரவேற்பவர் பலர் வழியனுப்ப மறந்துவிடுகிறார்கள். சைஜிகியில் 'போகும் வசந்தம்' என்று தனிப் பருவச்சொல்லே இருக்கிறது. 1689ல் பாஷோ தன் நீண்ட வடக்குப் பயணத்துக்குக் கிளம்பியபோது எழுதிய கவிதை அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. வசந்தம் போகிறது, பறவைகள் அழுகின்றன, மீன்களின் கண்ணிலும் கண்ணீர். போவது வசந்தமா, நண்பர்களைப் பிரிந்து போகும் பாஷோவா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

உங்கள் ஊரில் வெயில் சுடத் தொடங்கும் வாரத்தில் நோட்டை மறுபடி எடுங்கள். முதல் வாரத்தில் 'வராதது' என்று எழுதிய ஏழு குறிப்பையும் படியுங்கள். சில வந்திருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் வந்த தேதியைப் போடுங்கள். இன்னும் வராதவற்றில் ஒன்றை எடுத்துக் கடைசிக் கவிதையை எழுதுங்கள்.